டைல்ஸ் பதிக்கப் பழகலாம், ஆனால் பாத்ரூமில் தொடங்காதீர்கள்

எங்கள் குசினியில் அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரமும் ஒன்பதடி நீளமுமாக ஒரு துண்டுச் சுவர் இரண்டு மாதம் வெறும் சீமெந்தாகக் கிடந்தது. பழைய டைல்ஸை உடைத்துக் கொட்டிவிட்டு, முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு போன மேசன் பாஸ் "திங்கட்கிழமை வாறன்" என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. கொழும்பில் சின்ன வேலைக்கு இதுதான் நிலைமை. முழு வீட்டுக்கும் டைல்ஸ் போடுவதென்றால் ஆள் கிடைக்கும், பதினெட்டுச் சதுர அடிக்காக யாரும் வெள்ளவத்தை வரைக்கும் பஸ் ஏறி வரமாட்டார்கள். அம்மா தாளிக்கும்போதெல்லாம் எண்ணெய் அந்தச் சீமெந்தில் தெறித்து ஊறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நானே செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு பல்கனி, அடுத்ததாக ஒரு ரொய்லெட் என்று மூன்று இடம் செய்தாயிற்று. தொழில்காரன் மாதிரி வேகம் வரவில்லை, வரவும் வராது. பாஸ் அரை நாளில் முடிப்பதை நான் இரண்டு சனி ஞாயிறு இழுக்கிறேன். ஆனால் அந்த ஆறுதலான வேகம்தான் நமக்கு இருக்கிற ஒரே வசதி. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு டைலையும் தூக்கி, அடியில் கலவை முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நேரம் கிடையாது. நமக்கு உண்டு. அந்த நேரத்தை எங்கே செலவழிப்பது என்றுதான் சொல்லப் போகிறேன்.

எங்கே தொடங்குவது

குசினிச் சுவரில். அடுப்புக்கும் மேல் அலுமாரிக்கும் இடையிலான அந்த ஒடுங்கிய பட்டை, பழகுகிறவனுக்கென்றே செய்த இடம். யாரும் அதன் மேல் நடக்கப்போவதில்லை, தண்ணீர் வழிந்தோட வாட்டம் வைக்கத் தேவையில்லை, பிழைத்தால் பத்துப் பன்னிரண்டு டைல்தான் நட்டம். அது கைவந்த பிறகு ஒரு சின்ன அறையின் நிலம். பாத்ரூம் கடைசி. பாத்ரூமில் டைல் கோணலாகப் போனால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான், ஆனால் கீழே உள்ள நீர்காப்புப் பிழைத்தால் தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் பூத்து, அவர் படியேறி வந்து கதவைத் தட்டுவார்.

குசினிக்கு முன்னாலும் ஒரு ஒத்திகை வேண்டும். ஹார்ட்வெயார் கடைகளில் மிச்சம் மீதி டைல்கள், மூலை உடைந்தவை ஒரு பக்கம் அடுக்கியிருக்கும், கேட்டால் மலிவாகத் தருவார்கள். அதில் ஆறேழு துண்டு வாங்கி, கழித்துப் போட்ட தடித்த பலகை ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டின கையோடு பிடுங்கியும் பாருங்கள். பிடுங்கும்போதுதான் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்.

பிடுங்கிப் பார்க்கச் சொல்லித் தந்தது ஒரு பாஸ்தான், முற்பணத்தோடு போனவர் அல்ல, வேறொருவர். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த ஹட்டன் பக்கத்து மனிதர். மதியத் தேநீர் நேரத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தேன். "தம்பி, மேல பாக்காதீங்க, எல்லாரும் மேலதான் பாப்பாங்க. அடியைப் பாருங்க" என்று சொல்லி, அப்போதுதான் பதித்த ஒன்றைக் கரண்டியால் நெம்பித் தூக்கிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் கலவை ஒட்டியிருந்தது. ஒரு விரல் அகலம்கூட வெறும் இடமில்லை.

ஐந்து உருண்டைப் பழக்கம்

நம் ஊரில் பலர் செய்கிற முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டைலின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து, சுவரில் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்ப்பது. சுவர் கோணலாக இருந்தாலும் உருண்டையின் தடிப்பைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பதால் கெதியாக வேலை முடியும். ஆனால் உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம். நிலத்தில் அப்படிச் செய்தால், நாற்காலிக் கால் அந்த வெற்றிடத்துக்கு மேல் விழும் நாளில் டைல் வெடிக்கும். ஈரமான இடமென்றால் அதற்குள் தண்ணீர் தேங்கும். சுவரில் ஆணி அடிக்கத் துளை போட்டால் 'டொக்' என்று உடையும். எங்கள் வீட்டில் உடைத்தெடுத்த பழைய டைல்களின் பின்னால் எறும்புப் புற்றே இருந்தது.

இன்னொரு பழக்கம், டைலை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சீமெந்துப் பால் தடவி ஒட்டுவது. அந்தக் காலத்துச் சுவர் டைலுக்கு அது சரியான முறைதான். சாதாரண செரமிக் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். காய்ந்த டைலை அப்படியே ஒட்டினால் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சீமெந்து இறுகத் தண்ணீர் மிஞ்சாது, அதற்காகத்தான் ஊறவைத்தார்கள். இப்போது நிலத்துக்கு வாங்குகிற போர்சலின் டைல் குடிக்கிற தண்ணீர் 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோதான். கண்ணாடி மாதிரி. வெறும் சீமெந்துப் பாலுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் கழன்று, நடந்தால் 'கடக் கடக்' என்று சத்தம் போடும். போர்சலினுக்குப் பொலிமர் சேர்த்த டைல் மோட்டார் (பையில் தூளாக வருகிற ஒட்டுக்கலவை) தான் வேண்டும், அதற்கு டைலை ஊறவைக்கவும் கூடாது. பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடைக்குப் போகுமுன்

கணக்கு எளிது. நீளம், அகலம் பெருக்கி, வெட்டுக்கும் உடைவுக்கும் 10 சதவீதம் கூட்டுங்கள். மூலைவிட்டமாகப் பதிப்பதென்றால் 15. பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் 100 சதுர அடி, கூட்டினால் 110. 60க்கு 60 சென்ரிமீற்றர் டைல் (கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்பார்கள்) நாலு கொண்ட பெட்டி ஒன்று ஏறத்தாழ 15.5 சதுர அடி மூடும். ஆகவே எட்டுப் பெட்டி. ஏழு போதும் என்று கடைக்காரர் சொல்வார், எட்டே எடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு பெட்டியிலும் நிறத்துக்கும் அளவுக்கும் ஒரு குறியீடு அச்சடித்திருக்கும். அதே பெயர், அதே மொடல் என்றாலும் வேறு தடவை சூளையில் சுட்டது நிறத்தில் ஒரு நூல் வித்தியாசப்படும், அளவிலும் அரை மில்லிமீற்றர் முன்பின் வரும். கடை வாசலிலேயே எல்லாப் பெட்டியிலும் குறியீடு ஒன்றா என்று பார்த்துத்தான் த்ரீவீலரில் ஏற்ற வேண்டும். ஒரு பெட்டி குறைந்து மூன்று வாரம் கழித்துப் போனால் அந்தக் குறியீடு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் பாதி வேலையோடு நின்ற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

டைலைப் பார்த்துத் தெரிவு செய்ய நாவல வீதிப் பக்கத்துக் காட்சியறைகள் நல்லது. ஆனால் கருவி, டைல் மோட்டார், க்ரௌட் (டைல்களின் இடைவெளியை நிரப்புகிற கலவை), சிலிக்கோன் எல்லாவற்றுக்கும் நான் பழைய சோனகத் தெருவுக்கும் குவாரி வீதிக்கும்தான் போகிறேன். காலையில் போனால் நடக்க இடமிருக்கும். அங்கே நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குவது மரியாதைக் குறைவில்லை, கடைக்காரரே அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

கருவியில் காசைச் சேமிக்கக் கூடாத இடம் இரண்டு: பல் வைத்த கரண்டி, நீர்மட்டம். கரண்டியின் பல் அளவு டைலின் அளவைப் பொறுத்தது. கையகலச் சின்ன டைலுக்கு 6 மில்லிமீற்றர், 30க்கு 60க்கும் 60க்கு 60க்கும் 10 அல்லது 12. நீர்மட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள்: ஒரு மேசையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், அப்புறம் முன்பின் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அதே இடத்தில் நிற்காவிட்டால் அந்த மட்டம் பொய் சொல்கிறது. இவற்றோடு ஆறடி அலுமினியப் பெட்டிக்கம்பி ஒன்று மட்டக்கோலாக, ரப்பர் சுத்தியல், ஸ்பேசர் (இடைவெளி ஒரே அளவாக வர டைல்களுக்கு நடுவில் வைக்கிற துண்டு), இரண்டு வாளி, நல்ல ஸ்பொஞ்ச் இரண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, என்95 முகக்கவசம். டைல் வெட்டும் கைமெஷினை வாங்குவதைவிட யாரிடமாவது இரவல் கேட்கலாம், வாடகைக்கும் தருகிறார்கள்.

அடி

நான் அதிக நேரம் செலவழித்ததும், செலவழிக்காமல் விட்டபோது அடி வாங்கியதும் டைலுக்கு அடியில் வருகிற சுவரையும் நிலத்தையும் தயார் செய்வதில்தான்.

சுவராக இருந்தால் முதலில் அதில் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். கொழும்பு வீடுகளில் பெயின்ற் அடிக்குமுன் வழவழப்புக்காகப் புட்டி பூசுவது வழக்கம். அந்தப் புட்டி நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். அதன்மேல் டைல் ஒட்டினால், டைல் புட்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், புட்டி சுவரைப் பிடிக்காது, மொத்தமாகக் கையோடு வரும். புட்டி, பெயின்ற் எல்லாவற்றையும் சீமெந்துப் பூச்சுத் தெரியும் வரை சுரண்டி எடுக்க வேண்டும். வீடு முழுக்கத் தூசி பறக்கும், அம்மாவின் வாயையும் கேட்க வேண்டிவரும், வேறு வழியில்லை.

நிலமாக இருந்தால், பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இன்னும் இருக்கிற பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்து நிலம் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்காகச் சிவப்புப் பொலிஷ் பூசிப் பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம் மெழுகு. மெழுகின் மேல் எந்த மோட்டாரும் ஒட்டாது. கிரைண்டரால் மேற்பரப்பைத் தேய்த்தோ உளியால் கொத்தியோ மெழுகை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தாயிற்றா என்று அறிய, சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, சுவறினால் சரி. (சொல்லப்போனால், வெடிப்பில்லாத நல்ல சிவப்பு நிலம் இருந்தால் நான் டைலே போடமாட்டேன். வெயில் நேரத்தில் அதில் வெறுங்காலோடு நடக்கிற குளிர்ச்சி எந்தப் போர்சலினிலும் கிடைக்காது. அது என் விருப்பம்.)

புதிதாகப் போட்ட சீமெந்து நிலமென்றால் 28 நாள் விடுங்கள். சீமெந்து காயும்போது சுருங்கும், அது சுருங்கி முடியுமுன் டைலைப் பதித்தால் சுருக்கம் டைலைத்தான் இழுக்கும்.

அடுத்தது மட்டம். மட்டக்கோலை நாலு திசையிலும் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். 60க்கு 60 மாதிரிப் பெரிய டைலுக்கு மூன்று மீற்றர் நீளத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது, சின்ன டைலுக்கு 6 வரை தாங்கும். மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தை நிரப்பி, காய விட்டு, மறுபடி பாருங்கள். டைல் பெரிதாக ஆக நிலம் இன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய டைல் என்றால் வேலை குறைவு என்று நினைத்து நான் பல்கனிக்கு இரண்டடி டைல் வாங்கினேன், நிலம் குண்டும் குழியுமாக இருந்தது, ஒவ்வொரு மூலையிலும் ஒன்று மேலே மற்றது கீழே என்று நின்றது. இப்போதும் மழைக்குப் பிறகு துடைக்கிற துணி அதில் தட்டும்.

பழைய டைல் மேலேயே புதியது போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பழையது ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து எல்லாம் திடமாகக் கேட்டால், மேற்பரப்பைக் கரடாக்கி, அதற்கென்று விற்கிற ப்ரைமர் பூசிப் போடலாம். ஆனால் நிலம் அரை அங்குலத்துக்கும் கூட உயரும், கதவு திறக்காது. அதை முதலே யோசியுங்கள்.

கோடு போடுதல்

எந்த அறையும் சதுரமில்லை. சுவரை நம்பி அதன் ஓரத்தில் தொடங்கினால் மறுபக்கம் போய்ச் சேரும்போது ஆப்பு மாதிரி ஒரு துண்டு மிஞ்சும். அறையின் நடுவில் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு கோடு போட்டு, ஒரு கோட்டில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடைத்தூரம் சரியாக 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலைமட்டம் சரி. பெரிய அறைக்கு 6, 8, 10.

பிறகு கலவை இல்லாமல் டைலை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். ஓரத்தில் வருகிற வெட்டுத்துண்டு அரை டைலைவிடச் சிறிதாக வந்தால் நடுக்கோட்டை அரை டைல் தள்ளுங்கள், இரண்டு ஓரமும் பெரிதாகும். வாசலில் நின்று பார்க்கும்போது கண் எங்கே விழுகிறதோ அங்கே முழு டைல் வர வேண்டும், வெட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில் போகட்டும். நீள டைலைச் செங்கல் அடுக்கு மாதிரி மாறி மாறி வைக்க ஆசைப்பட்டால் பாதிக்குப் பாதி வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி வையுங்கள். நீள டைல்கள் நடுவில் ஒரு நூல் வளைந்திருக்கும், ஒன்றின் நடு மற்றதன் ஓரத்தோடு சேர்ந்தால் படி தெரியும்.

குசினிச் சுவரில், சிங்க் மேடை மட்டமாக இருக்கும் என்று நம்பிக் கீழ்வரிசையை அதன் மேல் நேராக உட்கார வைக்காதீர்கள். எங்கள் மேடை ஒன்பதடியில் 8 மில்லிமீற்றர் சாய்ந்திருந்தது. மட்டக்கோடு ஒன்றை நீர்மட்டத்தால் சுவரில் போட்டு, அந்தக் கோட்டில் ஒரு நேரான பலகையை ஆணியடித்து, அதன் மேல் வரிசையைத் தொடங்கி, கீழ்த்துண்டுகளை அடுத்த நாள் அளந்து வெட்டிப் போட்டேன். பிளக் பொயின்ற் எங்கே வருகிறது என்பதையும் இப்போதே பாருங்கள்.

கலவையும் பதித்தலும்

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாற்றிச் செய்தால் அடியில் கட்டி நிற்கும். எவ்வளவு தண்ணீர் என்பது பையில் எழுதியிருக்கும், அதை அளந்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம். கலக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். அந்த ஓய்வில்தான் பொலிமர் கரையும். பதம் என்றால் சட்டியில் உறைந்த எருமைத் தயிரை நினைத்துக்கொள்ளுங்கள்: கரண்டியால் அள்ளினால் வெட்டின விளிம்பு அப்படியே நிற்கிறதே, அதுதான் பதம். ஒரு தடவைக்குக் கால் வாளி போதும். கொழும்பு வெயிலில், அதுவும் ஏப்ரல் மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, பெரிய வாளி கலந்தால் பாதியை எறிய வேண்டிவரும். இறுகத் தொடங்கினதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கப் பார்க்காதீர்கள், பார்க்க மென்மையாகும், ஆனால் பிடிப்பு போய்விடும். 25 கிலோப் பை ஒன்று 10 மில்லிமீற்றர் பல்லுக்கு 45, 50 சதுர அடி வரை வரும்.

கரண்டியின் தட்டையான பக்கத்தால் மெல்லிய பூச்சாக நிலத்தில் அழுத்தித் தேயுங்கள், பிறகு மேலே கூடக் கலவை போட்டு, பல் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். கோடுகள் எல்லாம் உழுத வயல் மாதிரி நேராக ஒரே பக்கம் போக வேண்டும். அழகாக இருக்கிறதென்று வட்டம் வட்டமாக இழுக்கிறவர்கள் உண்டு, அப்படி இழுத்தால் உள்ளே காற்று அகப்பட்டுக்கொள்ளும், வெளியேற வழியில்லை. நேர்க்கோடென்றால் டைலை வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக ஒரு விரலளவு முன்னும் பின்னும் அசைத்து அழுத்தும்போது மேடுகள் சரிந்து பள்ளத்தை மூடும், காற்று கோட்டு வழியே வெளியே போகும். பெரிய டைலின் பின்பக்கத்திலும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள்.

முதல் டைலை வைத்ததும் தூக்குங்கள். பின்பக்கத்தில் கலவை பிடித்த பரப்பு உலர்ந்த இடத்தில் குறைந்தது 80 சதவீதம், பாத்ரூமிலும் பல்கனியிலும் 95. குறைந்தால் கரண்டிப் பல் சிறிது, அல்லது கை அழுத்தம் போதாது, அல்லது கலவை மேலே காய்ந்துவிட்டது. அதன் பிறகும் ஏழெட்டு டைலுக்கு ஒன்றைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். தூக்கின டைலைக் கழுவி மறுபடி வைக்க ஐந்து நிமிடம் போகும், போகட்டும். பரவிய கலவையை விரலால் தொடுங்கள், விரலில் ஒட்டவில்லை என்றால் ஆடை கட்டிவிட்டது, சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது, வியர்த்து ஊற்றும், ஆனால் கலவை கொஞ்ச நேரம் கூடத் தாங்கும்.

மட்டம் பிடிக்கிற பிளாஸ்ரிக் கிளிப்பும் ஆப்பும் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது, பெரிய டைலுக்கு வாங்குங்கள். பள்ளமான நிலத்தை அது சரியாக்காது. டைலை மேலே தூக்கிப் பிடிக்கும், அடியில் வெற்றிடம் விடும். ஒட்டி முடிந்ததும், இடைவெளிகளில் பிதுங்கின கலவையை அன்றைக்கே குச்சியால் கிளறி எடுத்துவிடுங்கள், நாளைக்கென்று விட்டால் உளி வேண்டும்.

வெட்டுவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேர்வெட்டுக்குக் கைமெஷின்: சில்லால் ஒரே தடவை, ஒரே அழுத்தத்தில் கோடு, பிறகு கைப்பிடியை அமத்தினால் பிளந்துகொள்ளும். இரண்டாம் தடவை கோடு இழுத்தால் விளிம்பு சிராய்க்கும். பிளக் பொயின்ற் வெட்டுக்கு டயமண்ட் பிளேட் போட்ட கிரைண்டர். அதன் தூசிதான் ஆபத்து, சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. வெளியே நின்று, முகக்கவசத்தோடு வெட்டுங்கள். சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி வெட்டாதீர்கள், அதற்கென்று செய்த ஈரமெஷின் வேறு. மின்சாரம் கசிந்தால் நிறுத்துகிற வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொடர்மாடியில் இருந்தால் சத்த வேலைக்கு எந்த நேரம் அனுமதி என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். மேல்மாடி மாமிக்கு நான் முதல்நாளே சொல்லிவைத்தேன், அதனால் தேநீர் கிடைத்தது.

க்ரௌட்

24 மணி நேரமாவது விட்டுத்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும். அதுவரை நிலத்தில் நடக்கவும் கூடாது. டைல்களை ஒட்ட ஒட்ட வைக்கச் சொல்லி வீட்டில் கேட்பார்கள், கோடு தெரியாமல் ஒரே கல்லாக இருக்க வேண்டுமென்று. கேட்காதீர்கள். 2, 3 மில்லிமீற்றர் கட்டாயம். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடைவெளிக்கு மணல் சேராத க்ரௌட், அதற்கு மேல் மணல் சேர்ந்தது. ரப்பர் பலகையால் மூலைவிட்டமாக இழுத்து உள்ளே அமத்துங்கள், நேராக இழுத்தால் பலகையின் விளிம்பு கோட்டுக்குள் இறங்கி நிரப்பினதைத் தோண்டிவிடும். கால் மணி நேரம் கழித்து நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சால் துடையுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் க்ரௌட்டின் நிறம் கழுவுப்பட்டுத் திட்டுத் திட்டாக நிற்கும், என் குசினியில் இடது மூலை அப்படித்தான். காய்ந்த பிறகு வருகிற வெள்ளைப் படலத்தைக் காய்ந்த துணியால் தேய்த்தால் போகும்.

சுவரும் நிலமும் சேரும் மூலை, சுவரும் சுவரும் சேரும் மூலை, சிங்க் மேடையோடு சேரும் கோடு, இவற்றில் க்ரௌட் போடாதீர்கள், சிலிக்கோன் போடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியே அசையும், க்ரௌட் வெடிக்கும். நிலத்தில் நாலு சுவரோரமும் 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, சுவரடியில் ஒட்டுகிற ஸ்கேர்டிங் டைலால் மறைத்துவிடலாம். இந்த இடைவெளியை விடாமல் சுவருக்குச் சுவர் இறுக்கிப் பதித்த வீடுகளில்தான் ஒரு நாள் திடீரென்று 'படார்' என்று வெடித்து இரண்டு வரிசை டைல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். வெப்பத்தில் டைல் விரிகிறது, போக இடமில்லை, மேலே கிளம்புகிறது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று சொன்ன வீடும் எனக்குத் தெரியும். வெயில் நேரே விழும் பல்கனியில் எட்டுப் பத்தடிக்கு ஒரு தடவை நடுவிலும் அப்படியொரு சிலிக்கோன் கோடு விடவேண்டும்.

பாத்ரூமுக்கு வந்தால்

மேலே சொன்ன எல்லாம் கைவந்த பிறகு. நீர் வடியும் வாய் நோக்கி மீற்றருக்கு 15, 20 மில்லிமீற்றர் வாட்டம், அதை டைல் பதிக்கும்போது கலவையால் வைக்காமல் அடிச் சீமெந்திலேயே வைத்துவிட வேண்டும். அதன் மேல் நீர்காப்புப் பூச்சு இரண்டு தடவை, முதல் பூச்சு ஒரு திசையில், காய்ந்த பிறகு இரண்டாவது அதற்குக் குறுக்கே. சுவரில் அரையடியாவது ஏற்றுங்கள், ஷவர் பக்கம் ஆறடி வரை. மூலைகளில் வலைப்பட்டி ஒட்டுங்கள். பூச்சு பையில் சொன்ன நாள் வரை காய்ந்ததும் வடியும் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துளி இறங்கினாலும் டைல் பெட்டியைத் திறக்க வேண்டாம். தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளே ஒழுகுகிறது, நிலமே வெடித்திருக்கிறது என்றால் அது நம் வேலையில்லை, தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், திங்கட்கிழமைகள் போனாலும் பரவாயில்லை.

பாத்ரூம் நிலத்துக்கு மினுங்குகிற டைல் வாங்காதீர்கள். பெட்டியில் ஆர்10 அல்லது ஆர்11 என்று போட்டிருந்தால் வழுக்கல் குறைவு என்று அர்த்தம். சின்ன டைலாக இருந்தால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இடைக்கோடுகள் கூட இருப்பதால் காலுக்கும் பிடிப்பு.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு போங்கள். திடமாகக் கேட்டால் நல்லது, கொட்டுச் சத்தம் கேட்டால் உள்ளே வெற்றிடம். குசினியில் எனக்கு ஒன்று அப்படிக் கேட்டது, கேத்தல் வைக்கிற இடத்துக்குப் பின்னால். அதை நான் மாற்றவில்லை, அம்மாவுக்குச் சொல்லவும் இல்லை. மிஞ்சின நாலு டைலைப் பெட்டியோடு, குறியீடு தெரிகிற பக்கம் வெளியே வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறேன்.